வகுப்பறையில் இளவேனில்: ஒரே மரம், ஆறு வாரம்

மழலையர் வகுப்புகளில் பருவங்களைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. சுவரில் ஒரு விளக்கப்படம் தொங்கும். அதில் பனி உருகும், டூலிப் பூக்கும். குழந்தைகள் அந்தப் பூவுக்கு வண்ணம் தீட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அதே வாரத்தில் பள்ளி வளாகத்து வேம்பு பழைய இலைகளைக் கொட்டி, செம்பு நிறத்தில் தளிர் விட்டுக்கொண்டிருக்கும். புங்கன் மொட்டையாகி மறுபடி பளபளக்கும். அரசமரத்தின் இளந்தளிர் வெயிலில் மினுங்கும். படத்தில் இருக்கும் வசந்தத்தைக் குழந்தை தன் கண்ணால் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. வெளியே நடக்கும் வசந்தத்தைப் பார்க்க அதற்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை. பருவம் என்பது மாற்றம். ஒருமுறை மட்டும் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஒரே பொருளை, ஒரே இடத்தில், திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் ‘போன வாரம் இப்படி இல்லையே’ என்ற எண்ணம் குழந்தைக்குள் எழும். இளவேனில் பாடத்தின் உயிர் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் இருபது கைவேலைகளுக்குப் பதிலாக நான்கே செயல்பாடுகள் இருக்கின்றன. நான்கும் சேர்ந்து ஆறு வாரம் நீள்பவை.

இந்த முறை சோதித்துப் பார்க்கப்படாத ஒன்றல்ல. இந்தியப் பள்ளிகள் பலவற்றில் நடக்கும் சீசன்வாட்ச் என்ற மக்கள் அறிவியல் திட்டம் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். தளிர், பூ, காய் ஒவ்வொன்றும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்ற மூன்றில் எது என்று குறிக்க வேண்டும். பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரே முறைதான். எழுதத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட இந்த மூன்று நிலைகள் எளிதில் பிடிபடும் என்பதால் நம் வகுப்புக்கு இது அப்படியே பொருந்துகிறது.

எப்போது தொடங்குவது?

பிப்ரவரி கடைசி வாரத்தில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடியுங்கள். சித்திரையும் வைகாசியும்தானே இளவேனில், மாசியில் ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. சித்திரை பிறந்து சில நாட்களில் பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடத் தொடங்கிவிடும். அதைவிட முக்கியமான காரணம், இலை உதிர்வதையும் பார்த்த குழந்தைக்குத்தான் தளிர் புதிதாகத் தெரியும். மாசியில் மொட்டையாக நின்ற கிளையைப் பார்க்காத குழந்தை, பங்குனியில் பச்சை மரத்தைப் பார்த்து வியக்க எதுவும் இல்லை.

தேவையான பொருட்கள்

ஒரு பெரிய சார்ட், கிரேயான், சாக்பீஸ், கோலப்பொடி, ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோல், தடித்த நூல்கண்டு, ஒரு பிடி பச்சைப்பயறு, நான்கு கொட்டாங்குச்சிகள், ஒரு அட்டைப்பெட்டி, அகலமான மண்சட்டி ஒன்று. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. கடையில் வாங்க வேண்டியவை சிலவே. மற்றவற்றை வீடுகளிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம்.

செயல்பாடு 1: நம் மரம்

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. வேம்பு, புங்கன், அரசு மூன்றும் இந்தப் பருவத்தில் வெளிப்படையாக மாறுபவை. தமிழ்நாட்டில் எங்கும் கிடைப்பவை. வேம்பு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். உதிர்தல், தளிர்த்தல், பூத்தல், பிஞ்சு பிடித்தல் என்று அடுத்தடுத்து ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். தென்னை போன்றவற்றைத் தவிருங்கள். அவற்றிலும் மாற்றம் உண்டு என்றாலும் ஆறு வாரத்தில் சிறுவர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இராது.

1. முதல் வாரம் குழந்தைகளை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். எதையும் விளக்க வேண்டாம். அடிமரத்தைத் தொட்டுப் பார்க்கட்டும், அண்ணாந்து பார்க்கட்டும். மரத்துக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.
2. கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கிளை நுனியில் வண்ண நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். ஆறு வாரமும் பார்க்க வேண்டியது இந்தக் கிளையைத்தான்.
3. வாரந்தோறும் அதே கிழமை, அதே நேரம் போங்கள். பத்து நிமிடம் போதும்.
4. வகுப்புக்குத் திரும்பியதும் சார்ட்டில் நான்கு கட்டங்களை நிரப்புங்கள்: பழுத்த இலை, தளிர், பூ, காய். ‘இல்லை’ என்றால் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். ‘கொஞ்சம்’ என்றால் ஒரு புள்ளி. ‘நிறைய’ என்றால் மூன்று புள்ளி. புள்ளியைக் குழந்தையே வைக்கட்டும்.
5. ஒவ்வொரு வாரமும் ஒரு குழந்தை சொன்ன ஒரு வாக்கியத்தை அதன் கீழே எழுதுங்கள். “இலையெல்லாம் செவப்பா இருக்கு டீச்சர்” என்று சொன்னால் அதையே எழுதுங்கள்; திருத்த வேண்டாம். தான் சொன்னதை எழுத்தில் பார்க்கும் குழந்தைக்கு எழுதுவதன் பயன் அங்கேயே புரிகிறது.

*குறிப்பு:* ‘கொஞ்சமா, நிறையவா’ என்பதில் குழந்தைகள் சண்டையிட்டால் மகிழுங்கள். கைதூக்கச் சொல்லி முடிவெடுக்காதீர்கள். இருவரையும் திரும்பவும் மரத்தடிக்கு அனுப்பி, நூல் கட்டிய கிளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடிவு செய்வது என்ற பழக்கம் அந்த நடையில் உருவாகிறது.

செயல்பாடு 2: உதிர்ந்த பூவை எண்ணுதல்

வேம்பு பூக்கத் தொடங்கியதும், வழக்கமாக மார்ச் மாதத்தில், இதைச் செய்யலாம். இதை ஒரு கணக்கு வகுப்பாகவே நடத்த முடியும். தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 முதல் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் கேட்பதும் பொருட்களைத் தொட்டு எண்ணும் இந்தத் திறனைத்தான். அதனால் பாட நேரத்தைப் பறித்துக்கொள்கிறதே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

1. காலையில் பெருக்குவதற்கு முன், மரத்தடியில் கோலப்பொடியால் ஓரடிச் சதுரம் ஒன்று போடுங்கள். பெருக்குபவரிடம் முந்தைய நாளே சொல்லிவையுங்கள்.
2. நான்கு குழந்தைகள் சதுரத்துக்குள் விழுந்த பூக்களை மட்டும் பொறுக்கட்டும்.
3. பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். மிஞ்சியவை தனியே இருக்கட்டும். இத்தனை பத்து, இத்தனை ஒன்று என்று அவர்களே சொல்வார்கள்.
4. ஒரு பூவை வெள்ளைத்தாளில் வைத்து உருப்பெருக்கியில் காட்டுங்கள். அரிசியளவுப் பூவில் ஐந்து வெள்ளை இதழ்கள் பின்னோக்கி விரிந்திருக்கும். நடுவில் ஒரு சிறு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதன் விளிம்பு பல் பல்லாக இருக்கும். இதழ்களைக் குழந்தையே எண்ணட்டும். வேறு பூவிலும் ஐந்துதானா என்று அடுத்துக் கேளுங்கள்.
5. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே அளவுச் சதுரம் போட்டு மறுபடி எண்ணுங்கள்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, சதுரம் இல்லாமல் ‘எல்லாரும் பொறுக்குங்கள்’ என்று விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட வழியில்லாமல் போகிறது. யார் அதிகம் பொறுக்கினார் என்ற போட்டிதான் மிஞ்சும். சித்திரை முதல் நாளில் பல வீடுகளில் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி செய்வார்கள். அந்தப் பேச்சை வகுப்பில் எடுங்கள், சுவைகளைச் சொல்லச் சொல்லுங்கள். தரையில் பொறுக்கிய பூவை மட்டும் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

செயல்பாடு 3: குறுகும் நிழல்

மரம் ஏன் இப்போது மாறுகிறது என்று குழந்தை கேட்டால், வெயிலைக் காட்டாமல் பதில் சொல்ல முடியாது. சூரியனை நேரே பார்க்கக் கூடாது. ஆனால் வெயிலில் விழும் நிழலை அளக்கலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உச்சிவேளை நிழல் வாரத்துக்கு வாரம் குறுகும். சென்னையில் ஒரு மீட்டர் கோலின் உச்சிநிழல் பிப்ரவரி கடைசியில் ஏறக்குறைய 40 செ.மீ. இருக்கும், மார்ச் 21 வாக்கில் 23 செ.மீ.; ஏப்ரல் 8 வாக்கில் 10 செ.மீ. தெற்கே போகப் போக இன்னும் குறைவு. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, நட்ட கோலுக்கு நிழலே இல்லாத நாள் வருகிறது.

1. திறந்த வெளியில் கோலைச் செங்குத்தாக நட்டுவையுங்கள். சாய்ந்தால் அளவு பிழையாகும். நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.
2. உச்சிவேளை என்பது கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் இந்த மாதங்களில் இடத்தையும் தேதியையும் பொறுத்துச் சுமார் 12.10-க்கும் 12.40-க்கும் நடுவில் வரும். ஒரு நேரத்தை முடிவு செய்து, ஆறு வாரமும் அதே நேரத்தில் அளங்கள்.
3. அந்த வெயிலில் குழந்தைகளை வெளியே நிறுத்தாதீர்கள். அவர்கள் வராந்தாவில் நிற்கட்டும். நீங்கள் மட்டும் போய், நிழலின் நீளத்துக்கு நூலை இழுத்துப் பிடித்துக் குழந்தைகள் பார்க்கும்படி வெட்டிக்கொண்டு வாருங்கள்.
4. நூலைச் சார்ட்டில் மேலிருந்து தொங்கும்படி ஒட்டி, கீழே தேதி எழுதுங்கள். அடுத்த வார நூல் அதன் பக்கத்தில்.
5. மூன்று நூல்கள் ஆனதும், அடுத்த நூல் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் விரலால் காட்டட்டும்.

ஆறாவது வாரம் சார்ட்டில் ஆறு நூல்கள் படிக்கட்டுபோல இறங்கி நிற்கும். எண்ணே தெரியாத குழந்தைக்கும் அந்த வரைபடம் புரியும். இப்படி மெய்யான நூலைத் தொட்டுப் பார்த்த குழந்தைக்கு, பின்னாளில் பட்டை வரைபடம் கற்பிப்பது கடினமாக இராது.

செயல்பாடு 4: வெளிச்சத்திலும் இருட்டிலும் முளை

கிராமத்து மாரியம்மன் திருவிழாக்களில் முளைப்பாரி வளர்க்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உண்டு. இருட்டறையில் வைத்து வளர்த்த முளைகள் வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று நிற்பதைக் குழந்தைகள் பார்த்திருக்கக்கூடும். அதன் காரணத்தை வகுப்பிலேயே கண்டுபிடிக்கலாம்.

1. பச்சைப்பயறை இரவு ஊறவையுங்கள். காலையில் நீரை வடித்து ஈரத்துணியில் கட்டிவையுங்கள். இந்த வெப்பத்தில் ஓரிரு நாளில் முளை தெரியும்.
2. கொட்டாங்குச்சியின் கண்ணைத் துளைத்து மண் நிரப்புங்கள். நான்கிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றுங்கள்.
3. இரண்டைச் சன்னலோரம் வையுங்கள். இரண்டை அட்டைப்பெட்டியால் மூடிவையுங்கள். நான்குக்கும் தினமும் ஒரே அளவு நீர் தெளியுங்கள்.
4. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறக்கும்முன் கேளுங்கள்: எது உயரமாக இருக்கும்?
5. திறந்து, உயரத்தையும் நிறத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு நான்கையும் சன்னலோரம் வைத்து அடுத்த இரண்டு நாட்கள் கவனியுங்கள்.

‘இருட்டில் செடி வளராது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது ஆசிரியர்கள் செய்யும் பெரிய தவறு. முதல் வாரத்தில் இருட்டில் இருப்பதுதான் உயரமாக இருக்கும். விதையில் சேமித்த உணவைக் கொண்டு வெளிச்சத்தைத் தேடி அது நீள்கிறது. தண்டு மெலிந்து வெளுத்திருக்கும். சன்னலோரம் வந்த ஓரிரு நாளில் அதுவும் பச்சையாகத் தொடங்கும். ஆசிரியர் சொன்னதற்கு மாறாகக் கண்ணெதிரே நடந்தால், குழந்தை தன் கண்ணை நம்புவதா ஆசிரியரை நம்புவதா என்று திணறும். அதை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். மற்றொரு தவறு, மூடிய பாட்டிலில் நனைந்த பஞ்சு வைத்து விதை போடுவது. கோடையில் அது இரண்டே நாளில் நாறிப் பூஞ்சை பிடிக்கும்.

இடையில்: பறவைக்குத் தண்ணீர்

மண்சட்டியில் இரண்டு விரற்கணு உயரத்துக்கு நீர் ஊற்றி, நடுவில் ஒரு கல் வைத்து, நிழலில் வையுங்கள். குருவி கல்லில் நின்று குடிக்கும். தினமும் நீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம். நீர் தேங்கி நின்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். அன்றைக்கு எந்தப் பறவை வந்தது, குயில் கூவியதா இல்லையா என்பதற்கும் சார்ட்டில் ஒரு புள்ளி இருக்கட்டும்.

பாதுகாப்பு

- வெயில்: மரத்தடிச் செயல்பாடுகள் காலை 10 மணிக்குள் முடியட்டும். போகும்முன்னும் வந்த பின்னும் எல்லாரும் தண்ணீர் குடிக்கட்டும். முகம் சிவந்து, தலைசுற்றல், வாந்தி, சோர்வு தெரிந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தை தெளியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.
- நச்சுச் செடிகள்: முதல் வாரத்துக்கு முன்பே நீங்கள் தனியாக வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள். அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு, ஆமணக்கு, குன்றிமணி இருந்தால் குழந்தைகள் அந்தப் பக்கம் போக வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு. பட்டுவிட்டால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
- பூச்சிகள்: கிளைக்கடியில் நிறுத்தும்முன் தேன்கூடு, குளவிக்கூடு, முசுறு எறும்புக்கூடு, கம்பளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு மரம் தேடுங்கள்.
- விதை: பச்சைப்பயறை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். சிறு குழந்தைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். போட்டுவிட்டால் நீங்களே எடுக்க முயலாதீர்கள், உள்ளே தள்ளிவிடக்கூடும்.
- கை கழுவுதல்: மண், நீர், பூ எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சத்துணவு.

எழும் மறுப்புகள்

முதல் மறுப்பு நேரத்தைப் பற்றியது. ஆண்டு இறுதியில் பாடங்களை முடிக்கவே நேரம் இல்லை என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மரத்துக்கு வாரம் பத்து நிமிடம், சார்ட்டுக்குப் பத்து நிமிடம், நிழல் நூலுக்கு ஐந்து நிமிடம். வாரத்துக்கு அரை மணிக்கும் குறைவு. அந்த நேரத்தில் எண்ணுதல், ஒப்பிடுதல், நீளம் அளத்தல், வாக்கியம் சொல்லுதல் நான்கும் நடக்கின்றன. வண்ணம் தீட்டும் தாள் ஒரு வகுப்பு நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இவற்றில் ஒன்றும் அதில் இல்லை. இரண்டாவது மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும். மற்ற வகுப்புப் பிள்ளைகள் அழகாக ஏதோ செய்து கொண்டுவருகிறார்கள், நம் பிள்ளை ஏன் வெறுங்கையோடு வருகிறது என்பார்கள். நியாயமான கேள்விதான். குழந்தையின் உழைப்பைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஆறாவது வாரம் அவர்களை வகுப்புக்கு அழைத்து, சார்ட்டைக் குழந்தைகளையே விளக்கச் சொல்லுங்கள். எந்த வாரம் தளிர் வந்தது, எந்த வாரம் பூ வந்தது என்று தன் பிள்ளை காரணத்தோடு சொல்வதைக் கேட்ட பிறகு இந்தக் கேள்வி திரும்ப வருவது அரிது.

மூன்றாவது மறுப்பு நகரத்துப் பள்ளிகளுடையது: வளாகத்தில் சிமென்ட் தரைதான், மரமே இல்லை. அப்படியானால் சன்னலிலிருந்து தெரியும் தெருமரம் போதும். அதுவும் இல்லாவிட்டால் மாடியில் ஒரு தொட்டிச் செடி. நிழலுக்கும் முளைக்கும் பறவைச் சட்டிக்கும் மரம் தேவையே இல்லை. நான்காவது மறுப்புத்தான் கனமானது. இத்தனை சின்னக் குழந்தைகளுக்கு ஆறு வாரம் ஒரே மரத்தைப் பார்க்கப் பொறுமை இருக்குமா? மாற்றமில்லாத ஒன்றை நெடுநேரம் பார்க்கச் சொன்னால் நிச்சயம் இராது. ஆனால் இங்கே கேட்பது வாரம் பத்து நிமிடம். அதுவும், போன வாரத்துப் புள்ளி கண்முன் இருக்க, இந்த வாரம் என்ன ஆகியிருக்கும் என்று ஊகித்துவிட்டுப் போகும் பத்து நிமிடம். ஊகத்தைச் சரிபார்க்கப் போகும் குழந்தைக்குப் போகும்போதே ஒரு வேலை இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் வகுப்பை விட்டுக் கிளம்பும்முன் ஊகத்தைக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆறு வார ஒழுங்கு

1. முதல் வாரம்: மரம் தேர்வு, கிளையில் நூல் கட்டுதல், முதல் நிழல் நூல், பறவைச் சட்டி.
2. இரண்டாம் வாரம்: மரம், நிழல், பயறு ஊறவைத்து ஊன்றுதல்.
3. மூன்றாம் வாரம்: மரம், நிழல், பெட்டியைத் திறத்தல்.
4. நான்காம் வாரம்: மரம், நிழல், பூ வந்திருந்தால் முதல் சதுரம்.
5. ஐந்தாம் வாரம்: மரம், நிழல், இரண்டாம் சதுரம்.
6. ஆறாம் வாரம்: மரம், நிழல், பெற்றோர் வருகை.

பூ முன்பின்னாக வரலாம். பட்டியலுக்காக மரம் காத்திருக்காது, பட்டியலை மாற்றிக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு முன் செய்ய வேண்டிய வேலை இன்னும் ஒன்று இருக்கிறது. சார்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள். மேல் ஓரத்தில் ஆண்டையும் மரத்தின் பெயரையும் எழுதிச் சுருட்டி, பீரோவில் வையுங்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் புதிய வகுப்பு அதே மரத்தடிக்குப் போகும்போது பழைய சார்ட்டையும் பக்கத்தில் மாட்டுங்கள். இந்த ஆண்டு பூ முன்னதாக வந்ததா, பின்னதாக வந்ததா என்று ஒப்பிட அப்போது உங்களிடம் சான்று இருக்கும். ஓராண்டுச் சார்ட் குழந்தைகளுக்கு மாற்றத்தைக் காட்டும். ஐந்தாண்டுச் சார்ட்டுகள் சேர்ந்தால் உங்கள் ஊரின் பருவம் எப்படி நடக்கிறது என்பதற்கு அவையே பதிவேடு. அதை எழுதியவர்கள் உங்கள் வகுப்புக் குழந்தைகள்.